நீதிபதி நாற்காலியும் அதைச் சுற்றி நிற்கும் சொற்களும்

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் நீதிபதி நியமனம். சட்டப் பிரிவுகளை வரிசையாக ஒப்பிக்க நான் வரவில்லை. நீதிபதியை யார் தேர்ந்தெடுப்பது என்று நம் நாட்டில் 75 ஆண்டுகளாக ஒரு வாக்குவாதம் நடக்கிறதே, அந்த வாக்குவாதத்தில் சொற்கள் பார்த்த வேலையைப் பேச வந்திருக்கிறேன்.

உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் யார் உட்கார வேண்டும் என்று முடிவு செய்வது பெரிய அதிகாரம். அந்த அதிகாரத்தை விரும்பிய எவராவது, ‘எனக்கு அதிகாரம் வேண்டும்’ என்று வாய்விட்டுக் கேட்டிருக்கிறார்களா? கேட்டதில்லை. ‘மக்கள் நலன்’ என்று கேட்டார்கள். ‘பொதுநலன்’ என்று கேட்டார்கள். ‘தகுதி’ என்று கேட்டார்கள். ‘நீதித்துறையின் சுதந்திரம்’ என்று கேட்டார்கள். எல்லாம் நல்ல சொற்கள்தான். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் உச்சரித்தவர் யார்? அந்தச் சொல்லால் யாருக்கு என்ன நேர்ந்தது? இந்த இரண்டு கேள்விகளோடு நாம் கொஞ்ச தூரம் நடந்து பார்ப்போம்.

1949 மே 24. டெல்லியில் அரசியல் நிர்ணய சபை கூடியிருக்கிறது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளை நியமிக்கும் பிரிவு விவாதத்துக்கு வருகிறது. குடியரசுத் தலைவர் நீதிபதிகளோடு ‘கலந்தாலோசித்து’ நியமிப்பார் என்கிறது வரைவு. சென்னை மாகாணத்திலிருந்து போயிருந்த உறுப்பினர் பி. போக்கர் சாகிப் எழுந்து ஒரு திருத்தம் கொண்டுவருகிறார். வெறும் கலந்தாலோசனை போதாது, இந்தியத் தலைமை நீதிபதியின் ‘இசைவு’ வேண்டும் என்கிறார். கட்சி அரசியல் நீதிமன்றத்துக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பது அவர் கவலை.

அண்ணல் அம்பேத்கர் பதில் சொன்னார். அமெரிக்காவில் செனட் சபையின் இசைவோடு நியமிக்கிறார்கள். அந்த முறை சிக்கலானது, அரசியல் அழுத்தத்துக்கும் இடம் கொடுக்கும் என்றார். சரி, தலைமை நீதிபதியின் கையில் கொடுக்கலாமா? தலைமை நீதிபதி மிகச் சிறந்த மனிதர்தான், ஆனாலும் மனிதர்தான், நமக்குள்ள குறைகளும் உணர்ச்சிகளும் தப்பெண்ணங்களும் அவருக்கும் உண்டு என்றார். குடியரசுத் தலைவருக்கோ அரசாங்கத்துக்கோ கொடுக்க நாம் தயாராக இல்லாத அதிகாரத்தை ஒரே மனிதரிடம் ஒப்படைப்பது ஆபத்து என்றார். போக்கர் சாகிப்பின் திருத்தம் தோற்றது. ‘கலந்தாலோசனை’ நின்றது. அரசியல் சட்டத்தின் 124ஆவது பிரிவில் இன்றைக்கும் அதே சொல்தான் இருக்கிறது.

இந்த நாளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கதை திரும்பிவந்து இதே சொல்லில்தான் முட்டப் போகிறது.

இனி 1973க்கு வருவோம். ஏப்ரல் 24ஆம் தேதி கேசவானந்த பாரதி வழக்கில் தீர்ப்பு. 13 நீதிபதிகள், 7க்கு 6 என்ற கணக்கு. அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம்கூட அழிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்கிறது. மறுநாள் தலைமை நீதிபதி சிக்ரி ஓய்வு பெறுகிறார். அடுத்து யார்? மூப்பு வரிசைப்படி ஷேலத், ஹெக்டே, குரோவர். மூவரும் அரசுக்குக் கசப்பான அந்தத் தீர்ப்பின் பக்கம் நின்றவர்கள். மூவரையும் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். 1970இல் வங்கிகள் தேசியமயமாக்கல் வழக்கில் 10 நீதிபதிகள் ஒரு பக்கம் நிற்க, தனியொருவராக அரசின் பக்கம் நின்றவர் அவர். தாண்டப்பட்ட மூவரும் பதவி விலகினார்கள்.

நாடு கொந்தளித்தது. நாடாளுமன்றத்தில் அரசின் சார்பில் எழுந்து வாதாடியவர் யார்? நம் மண்ணின் பிள்ளை, மோகன் குமாரமங்கலம். சென்னை மாகாண முதல்வராக இருந்த டாக்டர் சுப்பராயனின் மகன். ஜமீன் வீட்டில் பிறந்து பொதுவுடைமை இயக்கத்துக்குப் போனவர். தமிழகத்தின் அரசுத் தலைமை வழக்கறிஞராக இருந்தவர். அப்போது மத்திய எஃகு, சுரங்கத் துறை அமைச்சர். அவருடைய வாதத்தை நாம் நேர்மையாகக் கேட்க வேண்டும். நிலச் சீர்திருத்தச் சட்டங்களும் வங்கி தேசியமயமும் நீதிமன்றத்தில் அடிபட்ட காலம் அது. ஒரு நீதிபதி உலகத்தை எப்படிப் பார்க்கிறார், ஏழையின் பக்கத்திலிருந்து பார்க்கிறாரா, சொத்துள்ளவர் பக்கத்திலிருந்து பார்க்கிறாரா என்பது தீர்ப்பில் தெரியாமல் போகுமா? போகாது. ஆகவே அவருடைய தத்துவத்தையும் நோக்கையும் அரசு கணக்கில் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றார். மூப்பு மட்டுமே தலைமை நீதிபதியைத் தீர்மானிக்கக் கூடாது என்று 1958இலேயே சட்ட ஆணையம் பரிந்துரைத்திருக்கிறதே என்றும் எடுத்துக் காட்டினார்.

நண்பர்களே, இந்த வாதத்தில் உண்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நீதிபதிக்கு உலகப் பார்வையே கிடையாது என்று நடிப்பது பொய். ஆனால் அந்த உண்மையைத் தூக்கிக்கொண்டு வந்த கை யாருடைய கை? வழக்கில் தோற்ற கட்சிக்காரரின் கை! அந்தக் காலத்தில் ஆளுங்கட்சி வட்டாரத்தில் ‘கமிட்டட் ஜுடீஷியரி’ என்ற பேச்சு புழங்கியது. கொள்கைப் பிடிப்புள்ள நீதித்துறை வேண்டுமாம். எந்தக் கொள்கை மீது பிடிப்பு? அரசியல் சட்டத்தின் மீதா, ஆளுங்கட்சியின் மீதா? அந்த வெற்றிடத்தை அந்தச் சொல் நிரப்பவே இல்லை. நிரப்பாததுதான் அதன் பலம். சட்ட ஆணையத்துக்குத் தலைமை தாங்கிய சீதல்வாடே எதிர்ப்புக் குரல் எழுப்பியவர்களில் ஒருவராக நின்றார். ஆணையம் கேட்டது நிர்வாகத் திறமையை. அரசியல் சாய்வை யாரும் கேட்கவில்லை. வழக்கறிஞர் நானி பால்கிவாலா தொகுத்த நூலின் தலைப்பு, நீதித்துறையை அளவெடுத்துத் தைத்துவிட்டார்கள் என்று குற்றம் சாட்டியது. ஆளுங்கட்சி பெருமையாகச் சொன்ன ‘கமிட்டட்’ என்ற சொல், எதிர்த்தரப்பின் வாயில் பழிச்சொல் ஆனது.

குமாரமங்கலம் அதே ஆண்டு மே 31ஆம் தேதி சென்னையிலிருந்து டெல்லி சென்ற விமானம் விபத்துக்குள்ளாகி இறந்துபோனார். தன் வாதம் எங்கே போய் முடிந்தது என்று பார்க்க அவர் இல்லை. நாம் பார்த்தோம்.

எங்கே முடிந்தது? 1975 ஜூனில் நெருக்கடி நிலை. 1976 ஏப்ரல் 28ஆம் தேதி, ஆட்கொணர்வு மனு வழக்கு. காரணம் சொல்லாமல் சிறையில் அடைக்கப்பட்டவர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாமா கூடாதா என்பது கேள்வி. ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் கூடாது என்றார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர்தான், உயிரும் சுதந்திரமும் அரசு போட்ட பிச்சை அல்ல என்ற பக்கம் நின்றார். அதனால் தலைமை நீதிபதி பதவி கைநழுவும் என்பது அவருக்கு எழுதும்போதே தெரியும்.

அந்த நால்வரில் ஒருவர் எம்.எச். பெக். அவர் தம் தீர்ப்பில் எழுதியதைக் கேளுங்கள். காவலில் இருப்பவர்கள் நல்ல இடத்தில் தங்கவைக்கப்பட்டு, நல்ல உணவு கொடுக்கப்பட்டு, நன்றாகவே நடத்தப்படுகிறார்கள்; அரசு அதிகாரிகள் அவர்கள் மீது காட்டும் அக்கறை ஏறக்குறைய தாய்மைக்கு நிகரானது என்று எழுதினார். தாய்மை! உச்ச நீதிமன்றத் தீர்ப்பில், மிசா என்ற தடுப்புக்காவல் சட்டத்தில் அடைபட்ட கைதிகளைப் பற்றி, அந்தச் சொல்!

அந்தச் சொல் எழுதப்படுவதற்கு மூன்று மாதம் முன்னால் சென்னை மத்திய சிறையில் என்ன நடந்தது? 1976 ஜனவரி 31இல் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. பிப்ரவரி தொடக்கத்தில் மிசாவில் அடைக்கப்பட்ட அரசியல் கைதிகள் சிறைக்குள்ளேயே அடித்து நொறுக்கப்பட்டார்கள். முன்னாள் மேயர், நாடாளுமன்ற உறுப்பினர் சிட்டிபாபு அங்கே பட்ட அடிகளிலிருந்து மீளவே இல்லை. 1977 ஜனவரியில் உயிர்விட்டார். அதே 1977 ஜனவரியில்தான் டெல்லியில் கன்னாவைத் தாண்டி, தாய்மை என்று எழுதிய பெக் இந்தியாவின் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார். இரண்டும் ஒரே மாதம். நியமனத்தைப் பற்றிய பேச்சு ஏதோ டெல்லி மேல்தட்டின் பேச்சு, நமக்கென்ன என்று நினைக்கும் ஒவ்வொருவருக்கும் இந்த ஒரு மாதத்தைச் சொல்லுங்கள்.

சிறைக்குள் நடந்ததை வெளியே கொண்டுவந்தது யார்? நெருக்கடி நிலை முடிந்தபின் அதை விசாரித்த நீதிபதி மு.மு. இஸ்மாயில். கம்பனை நெஞ்சில் சுமந்தவர். சென்னைக் கம்பன் கழகத்தை நடத்தியவர். சட்டத்துக்கும் தமிழுக்கும் ஒரேயளவு உழைத்தவர். இஸ்மாயில் கமிஷன் என்று தமிழ்நாடு இன்றைக்கும் சொல்கிறதே, அவர்தான். பின்னர் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஆனார். அவருக்கு என்ன நேர்ந்தது? 1981 ஜனவரியில் மத்திய அரசு ஆணை: இஸ்மாயில் கேரளத்துக்கு, பாட்னா தலைமை நீதிபதி கே.பி.என். சிங் சென்னைக்கு. காரணம்? ‘பொதுநலன்’. எந்தப் பொதுநலன், யாருடைய நலன் என்று சென்னை மக்களுக்கு யாரும் விளக்கவில்லை. இஸ்மாயில் கேரளம் போகவில்லை. பதவியைத் துறந்தார். சென்னைக்கு அனுப்பப்பட்ட சிங்கின் இடமாற்றம் உச்ச நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டது. 1981 டிசம்பர் 30இல் அது செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்புதான் முதலாம் நீதிபதிகள் வழக்கு. கலந்தாலோசனை என்றால் கலந்தாலோசனைதான், இசைவு அல்ல. கடைசிச் சொல் அரசுடையது என்று நீதிமன்றமே எழுதிக் கொடுத்தது.

இனி, அரசின் பக்கத்திலிருந்து நீதிபதிகளின் பக்கம் வருவோம்.

1993 அக்டோபர் 6. ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு. இப்போது தீர்ப்பு தலைகீழ். கலந்தாலோசனை என்றால் இசைவு என்று பொருள். தலைமை நீதிபதியும் மூத்த நீதிபதிகளும் சொல்வதே மேலோங்கும். கொலீஜியம் பிறந்தது. 1998இல் தலைமை நீதிபதியும் நான்கு மூத்த நீதிபதிகளும் என்று அது உருப்பெற்றது. எண்ணிப் பாருங்கள்! 1949இல் போக்கர் சாகிப் கேட்டுத் தோற்ற சொல், 44 ஆண்டுகள் கழித்து, அரசியல் சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறாமல், ஜெயித்துவிட்டது. நெருக்கடி நிலையைப் பார்த்த நீதிபதிகளுக்கு அப்படி முடிவெடுக்கக் காரணம் இருந்தது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் அம்பேத்கர் எச்சரித்தாரே, தலைமை நீதிபதியும் மனிதர்தான் என்று, அந்த எச்சரிக்கை எங்கே போனது?

அந்த ஒன்பது பேரில் ஒரு தமிழர் இருந்தார். நெல்லைச் சீமையிலிருந்து போன நீதிபதி ரத்தினவேல் பாண்டியன். அவர் பெரும்பான்மையோடு சேர்ந்துகொண்டார். சேர்ந்துகொண்டே, மற்றவர்கள் கேட்காத ஒன்றைக் கேட்டார். யார் நியமிப்பது என்று இத்தனை நாள் வாதாடுகிறோம், யாரை நியமிக்கிறோம்? உயர் நீதிமன்றங்களில் பிற்படுத்தப்பட்டவர்கள் எத்தனை பேர், தாழ்த்தப்பட்டவர்கள் எத்தனை பேர், பழங்குடியினர், பெண்கள் எத்தனை பேர்? மக்களாட்சி, தம்மைத் தாமே நிரப்பிக்கொள்ளும் ஒரு சிறு கூட்டத்துக்கானது அல்ல என்று எழுதினார். என் கருத்தில் அந்தத் தீர்ப்பின் ஆயிரக்கணக்கான வரிகளில் காலத்தைத் தாண்டி நிற்பது அவர் எழுதியதுதான்.

ஏனென்றால் அங்கேதான் ‘தகுதி’ என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது. 1950இல் உச்ச நீதிமன்றம் தொடங்கியது. முதல் தலித் நீதிபதி எப்போது வந்தார்? 1980இல். தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏ. வரதராஜன். முதல் பெண் நீதிபதி? 1989இல் பாத்திமா பீவி; பின்னாளில் நம் மாநில ஆளுநராக இருந்தாரே, அதே அம்மையார். 30 ஆண்டுகள் இந்த நாட்டில் தகுதியுள்ள ஒரு தலித் இல்லையா? 39 ஆண்டுகள் தகுதியுள்ள ஒரு பெண் இல்லையா? அரசு தேர்ந்தெடுத்த காலத்திலும் தகுதி என்றுதான் சொன்னார்கள். கொலீஜியம் தேர்ந்தெடுத்த காலத்திலும் தகுதி என்றுதான் சொல்கிறார்கள். தேர்ந்தெடுப்பவர் மாறினார், சொல் மாறவில்லை, உட்கார்ந்தவர்களின் முகமும் பெரிதாக மாறவில்லை.

2014இல் நாடாளுமன்றம் ஏறக்குறைய ஒரே குரலில் தேசிய நீதிபதிகள் நியமன ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆறு பேர் ஆணையம். அதில் சட்ட அமைச்சர் ஒருவர், ‘புகழ்பெற்ற நபர்கள்’ இருவர். புகழ்பெற்றவர் என்றால் யார்? எதில் புகழ்? சட்டம் சொல்லவில்லை. எந்த இருவர் எதிர்த்தாலும் ஒரு பெயரை நிறுத்திவிடலாம். 1973ஐ மறக்காதவர்கள் பயந்ததில் தவறில்லை. 2015 அக்டோபர் 16இல் உச்ச நீதிமன்றம் 4க்கு 1 என்று அதை ரத்து செய்தது. நிதியமைச்சர் அருண் ஜெட்லி, தேர்ந்தெடுக்கப்படாதவர்களின் கொடுங்கோன்மை என்று சாடினார். நீதிமன்றம் நீதித்துறைச் சுதந்திரம் என்றது. ஒருவர் மக்களின் பெயரால் பேசினார், மற்றவர் சுதந்திரத்தின் பெயரால் பேசினார். கதவு மட்டும் மூடியே இருந்தது! பெரும்பான்மையோடு நின்ற குரியன் ஜோசப்பே, கொலீஜியத்தில் வெளிப்படைத்தன்மை இல்லை என்று ஒப்புக்கொண்டு எழுதினார். தனித்து நின்ற செலமேஸ்வர், மறு ஆண்டு, காரணங்கள் பதிவாகாத கொலீஜியக் கூட்டங்களுக்கு வர மறுத்தார்.

‘அப்படியானால் அமெரிக்கா மாதிரி எல்லோர் முன்னிலையிலும் விசாரிக்கலாமே?’ என்று மாணவர்கள் கேட்பீர்கள். நல்ல கேள்வி. 1987இல் அதிபர் ரீகன் ராபர்ட் போர்க் என்பவரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக முன்மொழிந்தார். ஒரு மணி நேரத்துக்குள் செனட்டர் எட்வர்ட் கென்னடி எழுந்தார். போர்க்கின் அமெரிக்காவில் பெண்கள் இருட்டுச் சந்துகளில் கருக்கலைப்புக்குத் தள்ளப்படுவார்கள், கறுப்பின மக்கள் தனி மேசையில் உட்கார வேண்டிவரும், போலீஸ் நள்ளிரவில் கதவை உடைக்கும் என்றார். அச்சத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. கறுப்பின மக்களை உணவகங்கள் மறுக்கக் கூடாது என்ற சட்ட முன்மொழிவை எதிர்த்து 1963இல் எழுதியவர் போர்க். என்றாலும் ஒரு மனிதரின் பல்லாண்டு எழுத்து மூன்று படங்களுக்குள் அடைக்கப்பட்டது. ஐந்து நாள் கேள்விகளுக்கு அவர் ஒளிக்காமல் பதில் சொன்னார். 58க்கு 42 என்று தோற்றார். பின்னால் வந்தவர்கள் கற்ற பாடம், வாயைத் திறக்காதே என்பது.

2016இல் அதிபர் தேர்தல் வருகிறது, மக்கள் குரலைக் கேட்போம் என்று சொல்லி நீதிபதியாக முன்மொழியப்பட்ட மெரிக் கார்லண்டின் பெயரை விசாரிக்காமலே ஏறக்குறைய பத்து மாதம் கிடப்பில் போட்டது குடியரசுக் கட்சி. 2020இல் தேர்தலுக்கு எட்டு நாள் முன்னால் ஏமி கோனி பாரெட்டை அதே கட்சி அமர்த்தியது. மக்கள் குரல் நான்கே ஆண்டில் எங்கே போயிற்று?

ஆக, அரங்கைத் திறந்தால் மட்டும் போதாது. ஆனால் அங்கே ஒன்று உண்டு. 2016இல் சொன்னதையும் 2020இல் செய்ததையும் அமெரிக்கக் குடிமகன் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. யார் சொன்னார், எப்போது சொன்னார் என்பது பதிவாகி இருக்கிறது. நமக்கு அந்தப் பதிவுகூட இல்லாத காலம் நெடுங்காலம். 2017 அக்டோபரில்தான் கொலீஜியம் தன் முடிவுகளை வெளியிடத் தொடங்கியது. முதலில் வந்தவற்றில் நம் சென்னை உயர் நீதிமன்ற நியமனங்களும் இருந்தன.

அப்படி வெளியிட்டதால்தான் 2023 ஜனவரி 17இல் நடந்த ஒன்று நமக்குத் தெரிந்தது. அன்று சென்னை உயர் நீதிமன்றத்துக்காகப் பேசப்பட்ட பெயர்களில் இரண்டைப் பாருங்கள். ஒருவர், பிரதமரை விமர்சித்த கட்டுரையைச் சமூக ஊடகத்தில் பகிர்ந்தவர் என்று உளவுத்துறை குறிப்பு எழுதியிருந்தது. அதனால் அவருடைய தகுதி குறையாது என்று கொலீஜியம் மறுபடி பரிந்துரைத்தது. இன்னொருவர் சிறுபான்மையினரைப் பற்றிப் பேசிய பேச்சுகளுக்காக இதே சென்னை வழக்கறிஞர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பிப்ரவரியில் அரசு ஆணை வந்தது. இரண்டாமவர் பெயர் இருந்தது, முதலாமவர் பெயர் இல்லை. எதிர்த்துப் போட்ட வழக்கில், தகுதி வரம்பைப் பார்ப்போம், பொருத்தத்தை நாங்கள் ஆராய மாட்டோம் என்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஒரு வழக்கறிஞர் பகிர்ந்தது தடை. இன்னொருவர் பேசியது தடை இல்லை. ஏன்? அரசு காரணம் சொல்லவில்லை. மக்களிடம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இன்று அதற்கு இல்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் இது அநியாயம் என்றே நான் சொல்வேன்.

என் முடிவை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அரசின் கையில் முழு அதிகாரத்தைக் கொடுத்துப் பார்த்தோம். 1973, 1977, 1981 கிடைத்தன. நீதிபதிகளின் கையில் கொடுத்துப் பார்க்கிறோம்; மூடிய அறை கிடைத்திருக்கிறது. யார் நியமித்தாலும், ஒரு பெயரை ஏற்றால் ஏன் ஏற்றோம், மறுத்தால் ஏன் மறுத்தோம், நிறுத்திவைத்தால் ஏன் நிறுத்தினோம் என்று எழுத்தில், தேதியோடு, கையெழுத்தோடு மக்கள் முன் வைக்க வேண்டும். ரத்தினவேல் பாண்டியன் கேட்ட கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இதைச் சட்டமாக்குங்கள் என்று கேட்பதற்கு நாம் வழக்கறிஞராக இருக்கத் தேவையில்லை.

சட்டக் கல்லூரி மாணவர்களே, உங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். 1949 மே 24ஆம் நாள் விவாதத்தைத் தேடிப் படியுங்கள். கன்னாவின் தனித் தீர்ப்பைப் படியுங்கள். இஸ்மாயில் அவர்களின் சிறை விசாரணை அறிக்கையைப் படியுங்கள். பிறகு உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் போய்ப் பாருங்கள். தகுதி, பொதுநலன், சுதந்திரம் என்று அவர் தொடங்கினால், பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘ஐயா, எதிர்க்கட்சி ஆட்சியில் இருந்தபோது இதையேதான் சொன்னீர்களா?’ என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி வாருங்கள். அடுத்த தேர்தலில் அது நமக்கு வேண்டும்.